ஊர்ப் புகைப்படக் கழகத்தை நடத்துவது எப்படி? தன்னார்வப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலகத்துக்கோ கடைக்கோ போய்விட்டு மிச்சமிருக்கும் நேரத்தில் ஊர்ப் புகைப்படக் கழகம் ஒன்றின் தலைவராகவோ செயலாளராகவோ இருப்பவர்களையும், அடுத்த பொதுக்குழுவில் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கைகாட்டப்படப் போகிறவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே இருக்கும். கோவையிலோ மதுரையிலோ நாகர்கோவிலிலோ இருப்பவர்கள் இடப்பெயரை மாற்றிக்கொண்டால் போதும். கழகம் நடத்துவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. நல்ல படம் எடுப்பவர்கள் இல்லாமல் நின்றுபோன கழகத்தை நான் பார்த்ததில்லை. எல்லா வேலையும் ஒருவர் தலையில் ஏறி, அவருக்கு வேலை மாற்றலோ, வீட்டில் திருமணமோ, உடல்நலக் குறைவோ வந்தவுடன் நின்றுபோன கழகங்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோட்டிருக்கிறேன்: இந்த வேலையை அடுத்த மாதம் வேறொருவர் எடுத்துச் செய்ய முடியுமா?

பொறுப்புகளைப் பிரித்தல்

தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று பதவிகளும் ஏட்டுக்குத் தேவைதான். ஆனால் மாதந்தோறும் நடக்கும் வேலை வேறு விதமாகப் பிரிந்து கிடக்கிறது. கூடத்தை முன்பதிவு செய்து பேச்சாளரை அழைப்பது ஒரு வேலை. போட்டிக்கு வரும் படங்களை வாங்கிச் சரிபார்த்துத் திரைக்குக் கொண்டுவருவது ஒரு வேலை. போட்டோ வாக், அதாவது உறுப்பினர்கள் கூட்டமாகத் தெருக்களில் நடந்து படம் எடுக்கும் நிகழ்ச்சி, நடத்துவது ஒரு வேலை. புதிதாக வருபவரைக் கவனித்துக்கொள்வது ஒரு வேலை. இந்த நான்கையும் செயலாளரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அவர் நல்லவராக இருப்பதால் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் யாருக்கும் அந்த வேலை தெரிவதும் இல்லை. நான்கு வேலைக்கும் நான்கு பேரைப் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் துணையாக இன்னொருவரையும் சேர்த்துவிடுங்கள். துணையாக இருப்பவர் முதல் ஆண்டு முழுவதும் பார்த்துக் கற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு அதை ஏற்கலாம்.

ஊரிலேயே சிறந்த புகைப்படக் கலைஞரைத்தான் தலைவராக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். நான் இதற்கு உடன்படவில்லை. கூட்டத்தைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவது, நீளமாகப் பேசுபவரை மனம் நோகாமல் நிறுத்துவது, வாய் திறக்காதவரைப் பேசவைப்பது, இருவருக்குள் மனக்கசப்பு வந்தால் தனித்தனியே கேட்டு முடிவு சொல்வது ஆகியவைதான் தலைவரின் வேலை. இதற்குப் பொறுமை வேண்டும், விருதுகள் வேண்டியதில்லை. மேலும், சிறந்த கலைஞரை நிர்வாகத்தில் அமர்த்தினால், அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு அவர் கிடைக்காமல் போய்விடுவார். போட்டிப் பொறுப்புக்கு, கோப்புப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கண்டுபிடித்துவிடும் ஒழுங்கான ஆள் வேண்டும். போட்டோ வாக் பொறுப்புக்கு, தெருவில் யாரிடமும் கூச்சமில்லாமல் பேச்சுக் கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும்.

நான்கில் அதிகம் புறக்கணிக்கப்படுவது புதியவரைக் கவனிக்கும் வேலை. முதன்முறை வரும் கல்லூரி மாணவி ஒருவரிடம் செல்பேசி மட்டும் இருக்கும், அல்லது அண்ணனிடம் வாங்கிய பழைய கேமரா இருக்கும். முன்வரிசையில் 600 மில்லிமீட்டர் லென்ஸின் எடையைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தேநீர் இடைவேளையிலும் யாரும் பேசாததால் செல்பேசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனால், மறுமாதம் வரமாட்டார். வரவேற்புப் பொறுப்பில் இருப்பவர் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார வேண்டும். எந்த கேமரா வைத்திருக்கிறார் என்று கேட்காமல், எதைப் படம் எடுக்கப் பிடிக்கும் என்று கேட்க வேண்டும். அன்றே அவரிடமிருந்து ஒரு படத்தை வாங்கி அடுத்த மாதக் கூட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியில் நினைவூட்ட வேண்டும். தன் படம் திரையில் வரப்போகிறது என்று தெரிந்தவர் அநேகமாக வந்துவிடுவார். செல்பேசியில் எடுத்த படங்களையும் மற்றப் படங்களோடு சமமாக ஏற்றுக்கொள்வது என்று கழகம் முதலிலேயே முடிவுசெய்து, அதை எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது.

பதிவும் பணமும்

கழகம் நிலைக்கும் என்று தோன்றியபின் அதைப் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்வதில்தான் பெரும்பாலான சங்கங்கள் தவறுகின்றன. சில ஆண்டுகள் விட்டுவிட்டால் பிறகு சேர்த்துச் சரிசெய்வது பெரும் அலைச்சல். மூன்று ஆண்டுகளுக்குப்பின் அதே நபரை மீண்டும் தேர்ந்தெடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவர் இருக்கலாகாது என்று துணைவிதிகளில் நீங்களாகவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே எழுதினால் யாருக்கும் வருத்தம் இராது. ஒருவர் பத்து ஆண்டு இருந்தபின் எழுத முற்பட்டால் அது அவருக்கு எதிரான செயலாகவே பார்க்கப்படும்.

வங்கிக் கணக்கு கழகத்தின் பெயரில், இருவர் கூட்டுக் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். சந்தாத் தொகையை யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் வாங்கக் கூடாது. கூட வாடகை, தேநீர், நடுவரின் பயணச் செலவு, பிரிண்ட் செலவு என்று தலைப்பு வாரியாக ஒரு பக்கக் கணக்கை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பிவிட்டால், பணத்தைப் பற்றிய முணுமுணுப்பு எழவே எழாது.

மாதக் கூட்டம்

கூட்டத்துக்கு ஒரு கிழமையை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை. யாருக்கு வசதி, யாருக்கு வசதியில்லை என்று மாதாமாதம் வாக்கெடுப்பு நடத்தினால், கூட்டம் நடப்பதைவிட அதைப் பற்றிய பேச்சே அதிகமாகிவிடும். பள்ளி வகுப்பறை, நூலகக் கூடம், திருமண மண்டபத்தின் சாப்பாட்டு அறை என எதுவாக இருந்தாலும் சரி, திரைச்சீலை போட்டு இருட்டாக்க முடிகிற இடமாக இருக்க வேண்டும். ப்ரொஜெக்டருக்கு அனுப்பும் படங்கள் நீளவாட்டில் 1920 பிக்ஸலுக்கும் உயரவாட்டில் 1080 பிக்ஸலுக்கும் மிகாமல், எஸ்ஆர்ஜிபி வண்ண அமைப்பில் இருக்கட்டும். வேறு வண்ண அமைப்பில் வரும் படங்கள் சில கணினிகளில் வெளுத்துத் தெரியும். படத்தை எடுத்தவர் அது தன் குறையோ என்று வருந்துவார். அரை மணி நேரம் முன்னதாகப் போய், எல்லோருக்கும் நிறம் நன்கு தெரிந்த ஒரே படத்தை ஒவ்வொரு மாதமும் திரையிட்டுப் பார்த்துச் சரிசெய்வதைத் துணைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கலாம்.

கூட்டத்தின் உயிர் படங்களைப் பற்றிய கலந்துரையாடலில்தான் இருக்கிறது. பேச்சாளர்கள் வருவது நல்லதே. ஆனால் ஒருவர் தன் படத்தைப் பிறர் கண்ணால் பார்ப்பது இங்கு மட்டுமே நடக்கும். இதை எப்படி நடத்துவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காசிமேட்டு மீன் ஏலத்தில் விடியற்காலையில் எடுத்த படம் ஒன்று திரையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெண் ஒருவர் கூடையின் மேல் குனிந்திருக்கிறார். கையில் சங்கரா மீன்கள். தலைக்கு மேலே ஒற்றைக் குண்டு பல்பு. அந்த வெளிச்சம் மீனின் சிவப்பிலும் அவருடைய முன்கையிலும் விழுகிறது. படத்தின் வலது ஓரத்தில் நீலத் தார்ப்பாய் ஒன்று தொங்குகிறது. அதை ஒட்டிச் செல்பேசியில் பேசும் ஒருவரின் பாதி முகம். முதல் அரை நிமிடம் யாரும் பேசக் கூடாது. எடுத்தவரும் விளக்கம் சொல்லக் கூடாது. பிறகு நடத்துபவர் கேட்க வேண்டிய கேள்வி: "உங்கள் கண் முதலில் எங்கே போனது?" மூன்று நான்கு பேர் பதில் சொல்லட்டும். இரண்டு பேர் தார்ப்பாய் என்று சொன்னாலே எடுத்தவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். நெரிசலில் நின்றபோது அவர் கண்ணில் மீனும் கையும் மட்டுமே பட்டிருக்கும். அதன்பிறகு அவர் பேசலாம். அந்தப் பெண் பேரம் பேசும்போது விரல்களால் விலை காட்டிய விதம்தான் தன்னை ஈர்த்தது என்று அவர் சொன்னால், அது படத்தில் தெரிகிறதா என்று பேச்சு நகரும். முடிவில் இரண்டே யோசனைகள்: இன்றே செய்யக்கூடியது ஒன்று, அதாவது வலது ஓரத்தை வெட்டிவிடுவது, அடுத்த முறை செய்யக்கூடியது ஒன்று, அதாவது இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து, விரல்கள் உயரும் வரை காத்திருப்பது.

இடையில் யாராவது "என்ன லென்ஸ், என்ன ஐஎஸ்ஓ?" என்று கேட்பார்கள். அதைத் தேநீர் வேளைக்கு ஒத்திவையுங்கள். அந்த எண்கள் கோப்பிலேயே இருக்கின்றன. கூடியிருப்பவர்களின் பார்வை கோப்பில் இல்லை. "சூப்பர், அருமை" என்று மட்டும் சொல்பவரிடம், எது அருமை என்று கேளுங்கள். "இதெல்லாம் ஒரு படமா" என்பவரிடமும் அதே தொனியில், எது கைகூடவில்லை, ஏன் என்று கேளுங்கள். இருவருக்கும் ஒரே அளவு மரியாதையோடு அதே கேள்வியைக் கேட்டுவந்தால், சில மாதங்களில் கூட்டத்தின் மொழியே மாறிவிடும்.

ஒரு படத்துக்கு ஐந்து ஆறு நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் பத்துப் படங்கள்தான் முடியும். இருபது படங்களைத் திணிப்பதைவிடப் பத்தைப் பொறுமையாகப் பார்ப்பதே மேல். மீதியை வரிசைப்படி அடுத்த மாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். புதியவரின் படத்தை நடுவில் வையுங்கள்: முதலில் வந்தால் அவர் பதற்றத்தில் எதையும் கேட்கமாட்டார், கடைசியில் வந்தால் நேரமில்லாமல் போகும். பொறுப்பாளர்களும் மூத்தவர்களும் தங்கள் படங்களைக் கட்டாயம் வைக்க வேண்டும், குறிப்பாக இன்னும் முடிவுக்கு வராத படங்களை. தலைவரின் படத்திலுள்ள குறையை ஒரு மாணவர் எழுந்து சொல்ல முடிகிற கழகத்தில் எல்லோருமே வளர்வார்கள்.

போட்டோ வாக்

போட்டோ வாக்கை அறிவிப்பதற்கு முன் பொறுப்பாளரும் துணைவரும் அதே கிழமையில் அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். எங்கே வண்டி நிறுத்துவது, கழிப்பறை எங்கே, வெயில் எந்தச் சுவரில் எப்போது விழுகிறது, யாரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்பதெல்லாம் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பருவத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில் காசிமேட்டுக்கு ஆட்களைத் திரட்டிப் போவதில் பயன் இல்லை. ஏலத்தைப் பார்க்கவே போவதில் பயனில்லை என்கிறேன். வலை பின்னுவதையும் படகு பழுதுபார்ப்பதையும் எடுக்க அதுவே நல்ல காலம். பள்ளிக்கரணையிலும் வேடந்தாங்கலிலும் வலசைப் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிநிகழ்ச்சியை வைப்பதென்றால் மாற்று நாளையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும்.

நேரம் வெளிச்சத்தைப் பொறுத்தது. சென்னையில் ஜனவரியில் சூரியன் 6.30 மணிக்கு மேல்தான் உதிக்கும். மே மாதக் கடைசியில் 5.45க்கெல்லாம் உதித்துவிடும். ஆண்டு முழுவதும் "காலை 6 மணி" என்று ஒரே நேரத்தை அறிவித்துவிடாமல், உதயத்துக்கு அரை மணி முன்பு என்று கணக்கிட்டுச் சொல்லுங்கள். கூடும் இடம் ஒரு தேநீர்க் கடையாக இருந்தால், தாமதமாக வருபவருக்கும் கண்டுபிடிக்க எளிது.

பத்து பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரே தெருவில் நுழையக் கூடாது. முப்பது பேர் பதிவு செய்திருந்தால் மூன்று குழுவாகப் பிரித்து, வெவ்வேறு தெருவில் தொடங்கவையுங்கள். மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் வீதியுலா வரும்போது மாட வீதிகளில் நிற்கவே இடமிருக்காது. அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்பவர்களால், காலையிலிருந்து சாமி பார்க்கக் காத்திருந்த பாட்டிக்கு மறைத்துவிடும். பக்திக்காக வந்தவர்களுக்கு முன்னால் நிற்பதில்லை என்பதைக் கழகத்தின் எழுதப்பட்ட விதியாகவே வைத்துக்கொள்ளலாம். நீர்மோரும் பானகமும் கொடுக்கும் தண்ணீர்ப் பந்தல்களின் பக்கம் நின்றால், ஊர்வலத்தைப் பார்க்கும் முகங்கள் கிடைக்கும். யாருக்கும் தொந்தரவும் இராது.

சட்டம் சார்ந்த சில விஷயங்களைப் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கோயில்களுக்குள் செல்பேசி கொண்டுசெல்வதைத் தடைசெய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கேமராவும் அப்படியே என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். ரயில் நிலையம், விமான நிலையம், துறைமுகம் ஆகிய இடங்களில் கேட்காமல் எடுக்க வேண்டாம். ட்ரோன் வைத்திருப்பவர், 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அந்த இடத்தில் பறக்கவிடலாமா என்று பார்த்துச் சொன்ன பிறகே பையைத் திறக்க வேண்டும். கூடு கட்டியிருக்கும் பறவையையும் குஞ்சுகளையும் நெருங்கி எடுப்பதில்லை என்பதில் எந்த விலக்கும் வேண்டாம். தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்த சிறிது நேரத்திலேயே முட்டைகள் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகக்கூடும்.

மனிதர்களைப் படம் எடுப்பதில் பொறுப்பாளர்தான் முன்மாதிரி. குழந்தைகளை எடுக்குமுன் பெற்றவரிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்று கை அசைத்தவரை மீண்டும் எடுக்கக் கூடாது. எடுத்திருந்தால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிட வேண்டும். இதோடு நான் வற்புறுத்திச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு: எடுத்த படங்களில் சிலவற்றை லேபில் 4×6 அளவில் பிரிண்ட் போட்டு, அடுத்த மாதத்துக்குள் அதே தெருவுக்குப் போய் உரியவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். பூக்கட்டும் அம்மாவுக்கு அவர் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் அதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டுவார். அடுத்த முறை உங்கள் உறுப்பினர் அங்கே கேமராவை எடுக்கும்போது தெருவே பழகிய தெருவாக இருக்கும். பிரிண்ட் செலவைக் கழகமே ஏற்கலாம், அது மிகச் சிறிய தொகை. யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை மட்டும் வாக் முடிந்து தேநீர் குடிக்கும்போதே பெயர் சொல்லி முடிவுசெய்துவிட வேண்டும்.

போட்டிகள்

போட்டி நடத்துவதா வேண்டாமா என்பதில் கழகங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆண்டுக்கு மூன்று நான்கு போதும் என்பது என் எண்ணம். மாதாமாதம் வைத்தால் நடுவருக்குப் பிடித்த மாதிரி எடுக்கும் பழக்கம் வந்துவிடும். படங்களில் பெயர் இருக்கக் கூடாது. எண் மட்டுமே இருக்க வேண்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் போட்டிப் பொறுப்பாளரிடம் இருக்கும் என்பதால், அவர் அந்த ஆண்டு போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. மூன்று நடுவர்கள், மூவரும் வெளியூரிலிருந்தோ வேறு கழகத்திலிருந்தோ வருபவர்கள், ஒருவர் மதிப்பெண்ணை ஒருவர் அறியாமல் போடுவது என்று அமைத்துக்கொண்டால் பெரும்பாலான புகார்கள் எழாது. நடுவரை அழைக்கும்போதே, பரிசு பெறாத படங்களைப் பற்றியும் ஓரிரு வரி பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பரிசு பெறாதவர்கள்தான் கூட்டத்தில் பெரும்பான்மை. அவர்கள் அந்த ஓரிரு வரிக்காகத்தான் வந்திருப்பார்கள்.

விதிகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பும், ஃபியாப் எனப்படும் சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பும் பயன்படுத்தும் வரையறைகளை எடுத்துக்கொண்டால், உங்கள் உறுப்பினர்கள் பின்னர் சலோன்கள் எனப்படும் புகைப்படப் போட்டிக் கண்காட்சிகளுக்கு அனுப்பும்போது குழப்பம் இராது. எடுத்துக்காட்டாக, ஃபியாப்பின் இயற்கைப் பிரிவில் ஓரத்தை வெட்டலாம். ஆனால் படத்துக்குள் எதையும் சேர்க்கவோ நகர்த்தவோ நீக்கவோ கூடாது. பறவைக்குப் பின்னால் இருக்கும் குச்சியை எடிட்டிங்கில் அழித்தாலும் அந்தப் பிரிவுக்கு அது தகுதியற்றதாகிவிடும். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்கள் வரத் தொடங்கிவிட்டதால், பரிசுக்குத் தேர்வானவர்கள் கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைக் காட்ட வேண்டும் என்ற விதி இப்போது தவிர்க்க முடியாதது. சந்தேகத்தின் பேரில் ஒருவரை மட்டும் கேட்டால் அது அவமானமாகும். முதல் மூன்று இடங்களுக்கு வந்த எல்லோரிடமும் எப்போதும் கேட்டால் அது நடைமுறை.

பதிப்புரிமையைப் பற்றி ஒரு சொல். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் பெற்றுக்கொண்டு பிறருக்காக எடுத்தது, சம்பளத்துக்கான வேலையில் எடுத்தது போன்ற விலக்குகள் தவிர, படத்தின் உரிமை எடுத்தவருக்கே; எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். "போட்டிக்கு வரும் படங்கள் யாவும் கழகத்துக்கே சொந்தம்" என்று விண்ணப்பப் படிவத்தில் எழுதுவது நியாயமற்றது. பரிசு பெற்ற படத்தைக் கழகத்தின் கண்காட்சியிலும் மலரிலும் எடுத்தவர் பெயரோடு பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற அளவுக்கு மட்டும் ஒப்புதல் வாங்குங்கள். ஊரிலுள்ள நிறுவனம் ஏதேனும் பரிசுப் பணம் கொடுத்துவிட்டு எல்லாப் படங்களின் உரிமையையும் கேட்டால், பணம் எவ்வளவாக இருந்தாலும் மறுத்துவிட வேண்டியது பொறுப்பாளர்களின் கடமை.

ஆண்டுக் கண்காட்சி

பிரெஞ்சு அரசு 1839 ஆகஸ்ட் 19 அன்று டாகரோடைப் என்ற தொடக்ககாலப் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்ததை ஒட்டி அந்நாள் உலகப் புகைப்பட நாளாகக் கொண்டாடப்படுவதால், பல கழகங்கள் அந்த வாரத்தில் கண்காட்சி வைக்கின்றன. சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி போன்ற கூடங்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்; சிறு ஊர்களில் நூலகமோ பள்ளியோ கொடுக்கும் அறையே போதுமானது. 12×18 அங்குலப் பிரிண்டைச் சன்போர்டு என்ற எடை குறைந்த அட்டையில் ஒட்டுவது செலவு குறைந்த, ஓரளவு நாள் தாங்கும் வழி. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 58 அங்குல உயரத்தில் வருமாறு எல்லாவற்றையும் ஒரே கோட்டில் மாட்டுங்கள். படங்களின் மேல்விளிம்பை வைத்து வரிசைப்படுத்தினால், அளவு மாறும் இடத்தில் கோணலாகத் தெரியும். ஒவ்வோர் உறுப்பினரின் படமும் ஒன்றாவது இருக்க வேண்டும், எந்தப் படம் என்பதைத் தேர்வுக் குழு முடிவுசெய்யும் என்று வைத்துக்கொண்டால் தரமும் குறையாது, மனமும் நோகாது.

வாட்ஸ்அப் குழுவும் நடத்தை விதிகளும்

அறிவிப்புக்கென்று பொறுப்பாளர்கள் மட்டும் எழுதக்கூடிய குழு ஒன்று, படங்களுக்கும் பேச்சுக்கும் இன்னொன்று என இரண்டாகப் பிரித்துவிடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் கூட்ட அறிவிப்பு புதைந்துபோவது இதனால் நிற்கும். உறுப்பினர்களின் தொலைபேசி எண்களைக் கேமராக் கடைக்கோ பயிலரங்கு நடத்துபவருக்கோ கொடுக்கக் கூடாது.

பெண் உறுப்பினர்கள் எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்பதைப் பொறுப்பாளர்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டால், அதற்குக் காரணம் இருக்கும். தகாத பேச்சோ நடத்தையோ நிகழ்ந்தால் யாரிடம் சொல்வது என்று இரண்டு பெயர்களை வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். மாடல்களை அழைத்து நடத்தும் பயிலரங்குகளில், என்ன உடை, எத்தனை மணி நேரம், படங்கள் எங்கே வெளியாகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டு, அவர் தம்மோடு ஒருவரை அழைத்துவர இடம் கொடுங்கள். புகார் எவ்வளவு மூத்தவர் மீது வந்தாலும் அதே முறையில் விசாரிக்க வேண்டும். இதில் தயங்கும் தலைவர், நல்ல உறுப்பினர்களைச் சத்தமில்லாமல் இழந்துகொண்டே இருப்பார்.

ஆவணமும் கைமாற்றமும்

சென்னையில் புகைப்படச் சங்கம் 1850களிலேயே தோன்றிவிட்டது. இங்கே கலைப்பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் அதற்கு முன்னின்றவர். அதே காலத்தில், 1858இல், பிரிட்டிஷ் படை அதிகாரியும் புகைப்படக் கலைஞருமான லின்னேயஸ் ட்ரைப் மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்த படங்கள் இன்றும் கட்டடக் கலை ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன என்றால், எந்தக் கோபுரம், எந்த மண்டபம் என்ற குறிப்புகள் அவற்றோடு சேர்ந்தே பாதுகாக்கப்பட்டது முக்கியக் காரணம். உங்கள் உறுப்பினர்கள் எடுக்கும் தெருவும் குளமும் சந்தையும் முப்பது ஆண்டில் உருமாறிவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொருவரிடமும் ஊரைப் பற்றிய ஐந்து படங்களை முழு அளவில் வாங்கி, இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் கோப்பிலேயே எழுதி, இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் சேமித்து, அவற்றை இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் நம் ஈரக் காற்றில் ஹார்டு டிஸ்க்கும் பழுதாகும் என்பதால், ஆண்டுதோறும் திறந்து பார்க்கவும் வேண்டும்.

பொறுப்பு மாறும் மாதத்தில் பழைய குழுவும் புதிய குழுவும் ஒரு முழு மாலை சேர்ந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு பொறுப்பாளரும் தம் வேலையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவர வேண்டும்: மாதத்தின் எந்த வாரத்தில் என்ன செய்ய வேண்டும், கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த லேப் சொன்ன நாளில் பிரிண்ட் தருகிறது, எந்த நடுவர் இந்த ஆண்டு ஏற்கெனவே வந்துவிட்டார், யாருக்குப் பணம் பாக்கி. மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகள் ஆகியவற்றின் கடவுச்சொற்கள் அன்றே மாற்றப்பட வேண்டும். வங்கியில் கையொப்ப மாற்றத்துக்கான தீர்மானத்தை அன்றே நிறைவேற்றிக் கையெழுத்திட வேண்டும். அதன்பின் ஓர் ஆண்டுக்குப் பழைய செயலாளர் நிர்வாகக் குழுவில் எந்தப் பொறுப்பும் ஏற்காமல் இருப்பது நல்லது. கேட்டால் மட்டும் யோசனை சொல்லிக்கொண்டு, மாதக் கூட்டத்துக்குத் தம் புதிய படத்தோடு மற்றவர்களைப் போலவே வரட்டும்.